மஞ்சள் போட்டுக் கழுவிய எலி

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஒக்டோபர் மாத வெள்ளிக்கிழமை, டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில். யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இதை நினைத்தாலே எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அதனால் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன். அந்தக் கோபம் கடைசியில் யார் மேல் போய் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அவள் பாம்பு வளர்க்கிறாள். பொம்மைப் பாம்பு இல்லை, உயிருள்ள பாம்பு. செம்மஞ்சள் நிறம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், நஞ்சில்லை. கோர்ன்ஸ்னோ என்று டேனிஷில் சொல்வார்கள். இங்கே சில பிள்ளைகள் முயல் வளர்க்கிற மாதிரி இதையும் வளர்க்கிறார்கள். நான் ஒரு வருடம் முழுக்க முடியாது, முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாம்பைக் கண்டால் பக்கத்து வீட்டுக்காரரையெல்லாம் கூட்டிக்கொண்டு தடி எடுக்கிற ஊரில் பிறந்தவள் நான். எந்த வீட்டில் பாம்பை உள்ளே அழைத்து, கண்ணாடிப் பெட்டி வாங்கி, புதைந்து படுக்க மரச்சீவல் பரப்பி, குளிருமே என்று அடியில் சூடும் வைத்துக் கொடுப்பார்கள்? ஆனால் அவள் தகப்பனைப் பிடித்துச் சம்மதம் வாங்கிவிட்டாள். மகள் "அப்பா" என்று கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டால் போதும், அந்த மனுசன் உருகிவிடுவார். பாம்பு வந்த நாளிலிருந்து அவள் அறை வாசலைக் கூட அவர் மிதித்ததில்லை என்பது வேறு கதை.

நான் போட்டது ஒரேயொரு நிபந்தனை. பாம்பின் சாப்பாடு நான் சமைக்கிற குசினிக்குள் வரக்கூடாது. அதன் சாப்பாடு எலி. செத்த எலியைத்தான் உறைய வைத்துக் கடையில் பைக்கற்றாக விற்கிறார்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில் இருக்கும் சின்னப் பிறீசரில், ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றுக்குள், மேலே துணி சுற்றி, அந்த எலிகளை வைக்க அனுமதித்தேன். அந்தப் பிறீசரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சனியனை நான் திட்டியிருக்கிறேன். அதன் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அது சனியன்தான்.

அந்த வாரம் மகள் வகுப்போடு பெர்லினுக்குப் படிப்புச் சுற்றுலா போகிறாள். வியாழன் போய்ப் புதன் வருவாள். போக முதல் தானே சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் முதலில் சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பாம்பு தோல் உரிக்கத் தொடங்கிவிட்டது. தோல் உரிக்கும்போது அது தின்னாதாம். தோல் கழன்றபின் வெள்ளியோ சனியோ கொடுக்கட்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு வேலை. தகப்பனிடம் கேட்கிற கதையே இல்லை. ஆக, வெள்ளிக்கிழமை, நான்.

"வெள்ளிக்கிழமை மச்சம் எடுக்காத வீடு இது. தெரியுமெல்லோ?" என்றேன்.

"பாம்பு சைவமில்லை, அம்மா" என்றாள். அந்த வாயை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், என்னுடையதுதான்.

போகும்போது ஒரு கடதாசியில் டேனிஷில் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று. ஒரு முழுப் பக்கம்! "முழுக்க வாசியுங்கோ, சீவல் போட்டிருக்கிறபடியால் கவனமாக் குடுக்கோணும்" என்று செருப்புப் போடும்போதும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இருபத்திரண்டு வருடமாக, தானாகச் சாப்பிட முடியாத மனிதர்களுக்கு ஊட்டுகிறவள். எனக்குச் சாப்பாடு கொடுக்கிறது எப்படி என்று நேற்றுப் பிறந்தவள் எழுதி ஒட்டுகிறாள். எலியைப் பையோடு சுடுதண்ணீரில் போட்டு இளக வைக்க வேண்டும் என்ற முதல் இரண்டு வரியை வாசித்தேன். மிச்சத்தை வாசிக்கவில்லை. தெரியாமல் விட்டேன் என்று சொன்னால் பொய். வேண்டுமென்றுதான் வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலையில் ஒரு சம்பவம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் பிரிவில் ஒரு தாத்தா இருந்தார். பக்கவாதம் வந்தபின் அவருக்கு விழுங்குவது கஷ்டம். அவரை நிமிர்த்தி இருத்தி, சின்னக் கரண்டியால் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அன்று ஆள் குறைவென்று ஒரு விக்கார், அதாவது தற்காலிகமாக வருகிற ஆள், வந்திருந்தார். நாற்பது வயசு டேனிஷ்காரர், முன்பு லொறி ஓட்டியவராம், மலை மாதிரி உடம்பு. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தாத்தாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, வேறு யாரோ மணி அடித்ததென்று போய்விட்டார். தாத்தா தானே கையால் அள்ளி வாயில் அடைத்துக்கொண்டார். நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. முன்னால் குனிய வைத்து, முதுகில் தட்டி, வாய்க்குள் விரல் விட்டு எடுத்தேன். மூச்சு வந்தது.

அதன்பிறகு அந்த விக்காரைப் பிடித்தேன் பாருங்கள்! சாப்பாட்டு அறையில், எல்லோருக்கும் முன்னால். எனக்குக் கோபம் வந்தால் என் டேனிஷ் நன்றாக வரும். "சாப்பாட்டை வைச்சிட்டுப் போறதுக்கு இது நாய்ப்பட்டியில்லை. அவர் விழுங்கி முடியுமட்டும் இருந்து பார்க்கப் பொறுமை இல்லையெண்டால் இந்த வேலைக்கு வராதையும்" என்று டேனிஷில் சொன்னேன். இன்னும் எவ்வளவோ சொன்னேன். அந்தப் பெரிய மனுசனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போனபிறகும் எனக்கு ஆறவில்லை.

அந்தச் சூட்டோடுதான் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஒக்டோபரில் இங்கே வெளிச்சம் கெதியாகப் போய்விடும். முழுகி, விளக்கேற்ற வேண்டும். அதற்கு முதல் இந்த எலி வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். தோய்க்கும் அறையில், பழைய வாளியில் சுடுதண்ணீர் விட்டு, எலியைப் பையோடு போட்டேன். அது இளகியது. கையுறை போட்டுக்கொண்டு வெளியே எடுத்தேன்.

அதன்பின் நான் செய்தது என் கை செய்தது. மூளை அங்கே இல்லை. இறைச்சியோ மீனோ எதுவாக இருந்தாலும் கழுவாமல் நாங்கள் யாருக்காவது கொடுப்போமா? டேனிஷ்காரர் பைக்கற்றைப் பிரித்து அப்படியே சட்டிக்குள் போடுவதைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். குசினிக்குப் போய் மஞ்சள் போத்தலையும் உப்பையும் எடுத்துவந்தேன். எலிக்கு மஞ்சளும் உப்பும் தடவி, இரண்டு தண்ணீரில் அலசிக் கழுவினேன். கோழித்துண்டைக் கழுவுவது போல. வெள்ளை எலி இளமஞ்சளாகிவிட்டது. மனதுக்குள் ஒரு திருப்தி கூட வந்தது, இனிச் சுத்தம் என்று. பிறகு மகளின் நீள இடுக்கியால் வாலைப் பிடித்துத் தூக்கினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அறைக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்தேன். கழன்ற தோல் ஒரு மூலையில் கிடந்தது. பாம்பு மரச்சீவலுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. அவ்வளவுதான், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எலியைச் சீவலுக்கு மேல் பொத்தென்று போட்டு, மூடியை அடித்துச் சாத்தி, கொக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த கடதாசி என் மூக்குக்கு முன்னால்தான் இருந்தது.

முழுகினேன். விளக்கேற்றினேன். தேவாரம் பாடினேன்.

சனி விடியற்காலை வேலைக்குப் போகுமுன் எட்டிப் பார்த்தேன். எலி இல்லை. நிம்மதி. மகளுக்கு வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டிட்டுது" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. விழுங்கி முடியுமட்டும் நின்று பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாள். நான் ஒரு கையால் தேநீர் குடித்துக்கொண்டே மறுகையால் "ஓம்" என்று எழுதினேன். ஒரு சின்னப் பொய். அவள் நிம்மதியாக ஊர் சுற்றிப் பார்க்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள்.

வேலை முடிந்து வந்து அறைக் கதவைத் திறந்தேன். பாம்பு வெளியே கிடந்தது. வழக்கமாகப் பகலில் சீவலுக்குள்தான் புதைந்து கிடக்கும். அது தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில் வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப, ஒரே பக்கம். கிட்டக் குனிந்து பார்த்தேன். வாய் மூடவில்லை. ஓரத்தில் ஒரு மரச்சீவல் துண்டு குத்திக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி நுரை. எலியைப் போட்ட இடத்தில் சீவலெல்லாம் மஞ்சளாக, கட்டியாக ஒட்டிக் காய்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஈர எலி மாவில் பிரட்டிய வடை மாதிரி உடம்பு முழுக்கச் சீவலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாயில்லாச் சீவன் அதை அப்படியே விழுங்கியிருக்கிறது.

எனக்கு வந்த கோபம்! முதலில் பாம்பு மேல். "தின்னத் தெரியாத சனியன், துப்பத் தெரியாதா உனக்கு?" பிறகு இந்தச் சீவலை விற்ற கடைக்காரன் மேல். பிறகு உலகத்தில் இல்லாத பிராணியை வளர்க்கும் மகள் மேல். பிறகு, கத்திய சத்தத்தில் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்ற மனுசன் மேல்.

"என்ன, வெளியிலை வந்திட்டுதோ?" என்று அவர் அங்கிருந்தே கேட்டார்.

"சாகப்போகுது! மேலை வாங்கோ!"

அவர் மேலே வரவில்லை. இக்காஸ்ட்டில் இருக்கும் தன் தமக்கைக்குத் தொலைபேசி எடுத்தார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டும் விட்டார். மச்சாள் பாலும் முட்டையும் வைக்கச் சொன்னார். நாகதம்பிரானுக்கு நேர்ந்து கட்டச் சொன்னார். பெண்பிள்ளை வளர்க்கிற பாம்பு வீட்டுக்குள் செத்தால் தோஷம், பிறகு அவளுக்குக் கலியாணம் சரிவராது என்றார். நான் படியால் இறங்கி வந்து போனைப் பறித்தேன். "மச்சாள், அதின்ரை வாய்க்குள்ளை மரம் குத்திக்கொண்டு நிக்குது. நான் கலியாணத்தைப் பார்க்கவோ, மரத்தைப் பார்க்கவோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்று மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. அந்த மூன்று மாதம் எனக்கு நல்ல ஓய்வு.

மிருக வைத்தியர்களுக்கு எடுத்தேன். சனி பின்னேரம். ஒரு இடத்தில் திங்கள் எடுக்கச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் நாய், பூனை மட்டும்தானாம். "நாய் எண்டால் உயிர், பாம்பெண்டால் கயிறோ?" என்று கத்தினேன். அதே கேள்வியை முதல்நாள் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், ஓம், கயிறுதான் என்றிருப்பேன். கடைசியில், காரில் ஒரு மணித்தியாலம் போகிற தூரத்தில் ஒரு வைத்தியர் பாம்பும் பார்ப்பார் என்று சொன்னார்கள்.

யார் தூக்குவது? அந்த மனுசன் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். நானே தூக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. வழுவழுப்பாக, குளிராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்த, இளஞ்சூடான உடம்பு. அது என் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. நாங்கள் படுக்கையிலிருந்து தூக்கும்போது வயசான ஆட்கள் விழுந்துவிடுவோமோ என்று பிடிப்பார்களே, அதே பிடி. தலையணை உறைக்குள் விட்டு, முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

"முடிச்சு இறுக்கமாத்தானே போட்டனீர்?"

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பாருங்கோ. ஹீற்றரைக் கூட்டுங்கோ."

பாதி வழியில் மடியில் உறை நெளிந்தது. பிறகு ஈரம். பிறகு நாற்றம், கடவுளே, அந்த நாற்றத்தை நான் எழுத மாட்டேன். பாம்பு சாப்பாட்டைக் கக்கிவிட்டது. முதல்நாள் வரை பிறீசரில் கிடந்த எலி, பாதி கரைந்து, மஞ்சளாக, சீவல் குத்தியபடி என் மடியில் கிடந்தது. அந்த மனுசன் காரை ஓரங்கட்டி, இறங்கி, வேலிக்கரையில் குனிந்து வாந்தி எடுத்தார். நான் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். "செத்துப்போகாதை பிள்ளை, அவள் வருமட்டும் செத்துப்போகாதை" என்று தமிழில் ஒரு பாம்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வைத்தியர் ஒரு பெண். என்ன நடந்தது என்று கேட்டதுதான் தாமதம், நான் தொடங்கினேன். இந்தச் சீவலைத் தடை செய்ய வேண்டும், விற்கிறவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றெல்லாம். அவர் கேட்டுக்கொண்டே பாம்பின் வாயைச் சின்னத் தகடு ஒன்றால் மெல்லத் திறந்து, லைற் அடித்துப் பார்த்தார்.

"எலி ஈரமாக இருந்ததா?" என்று கேட்டார்.

"கழுவினேன்."

"கழுவினீர்களா? எலியையா?"

"மஞ்சள் போட்டு."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. நான் முறைத்தேன். பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். சீவலில் பிழை இல்லை, பாம்புக்கு அதற்குள் புதைந்து படுக்கத்தான் விருப்பம். ஒன்றிரண்டு துண்டு உள்ளே போனாலும் அநேகமாக வெளியே போய்விடும். ஆனால் ஈரமான எலியைச் சீவலில் போட்டால் அள்ளிக்கொண்டு போகும், கூரான துண்டு முரசில், பல்லைச் சுற்றி இருக்கும் சதையில், ஏறும். எலியைக் கடதாசியால் ஒற்றி நன்றாக உலர்த்த வேண்டும். சீவலுக்கு மேல் தட்டையான கல்லோ தட்டோ வைத்து, அதற்கு மேல் இடுக்கியால் பிடித்துக் கொடுக்க வேண்டும். வால் நுனி உள்ளே போகுமட்டும் நின்று பார்க்க வேண்டும், சீவல் ஒட்டினால் கையோடு கவனிக்கலாம். தின்ற பிறகு இரண்டு நாளாவது தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும்.

"மகள் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில், என் வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்தது. ஒரு முழுப் பக்கம்.

மூன்று துண்டு எடுத்தார். கடைசித் துண்டு முரசுக்குள் ஏறி நின்றது. அதை இழுக்கும்போது இரத்தம் வந்தது. நான்தான் உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது என் கைக்குள் துடித்தது. இரண்டு கிழமைக்குச் சாப்பாடு வேண்டாம், பிறகு சின்ன எலியாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார். தின்றால் தப்பும். தின்னாவிட்டால், அல்லது திரும்பவும் கக்கினால், திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரம் மகளுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. மஞ்சளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. வழக்கமாக என்னோடு பாதி டேனிஷில் கதைக்கும் பிள்ளை, அன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள்.

"நான் காலமை கேட்டனான். நிண்டு பாத்தனீங்களோ எண்டு கேட்டனான். நீங்கள் ஓம் எண்டு எழுதினீங்கள். அப்பவே சொல்லியிருந்தால் நான் ஆரையாவது அனுப்பியிருப்பன்."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். அன்று நான் சொன்னது, "பெத்த தாயை நிக்க வைச்சுக் கேள்வி கேக்கிற அளவுக்கு வந்திட்டியோ?" அவள் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு வேலைக்குப் போனேன். அந்த விக்கார் வந்திருந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். தாத்தாவுக்குப் பக்கத்தில், அந்தப் பெரிய உடம்பைச் சின்னக் கதிரையில் ஒடுக்கிக்கொண்டு, கரண்டியோடு இருந்தார். எங்கேயோ மணி அடித்தது. அவர் எழும்பவில்லை. தாத்தாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். முதல்நாள் எடுத்த இரத்தம் தோய்ந்த மரச்சீவல் என் கண்ணுக்குள் நின்றது. சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடினவர் நாங்கள் இரண்டு பேர். இவரை மணி கூப்பிட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் அருவருப்பில் ஓடினேன். அது மட்டுமா, நின்று பார்த்தேன் என்று எழுதியும் கொடுத்தேன். எல்லோர் மேலும் எறிந்த கோபம் அந்த வாசலில் வைத்துத்தான் திரும்பி என் மேல் விழுந்தது. இன்றுவரை அங்கேயே கிடக்கிறது.

இடைவேளையில் அவரிடம் போனேன். நான் அன்று சொன்ன விஷயம் சரி, எல்லோருக்கும் முன்னால் வைத்துச் சொன்னது பிழை என்றேன். பிறகு எலிக் கதையையும் சொன்னேன். மஞ்சள் என்ற இடம் வந்ததும் மனுசன் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார், கண்ணால் தண்ணீர் வந்தது. எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அதற்கு என்னிடம் உரிமை மிச்சம் இல்லை.

புதன்கிழமை மகள் வந்தாள். எனக்கு வணக்கமும் இல்லை, கோபமும் இல்லை. நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு கிழமை அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் உப்பைத் தா, கதவைப் பூட்டு என்ற அளவில்தான் கதைத்தோம். அவள் பாடசாலைக்குப் போனதும் நான் அறைக்குப் போய்ப் பாம்பைப் பார்ப்பேன். மெலிந்துகொண்டு வந்தது. முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. "தின்னுவியோ?" என்று கேட்பேன். அது நாக்கை நீட்டிப் பார்க்கும். அந்தக் கடதாசி அங்கேயே ஒட்டியிருந்தது. அவள் அதைக் கழற்றவில்லை. தினமும் வாசித்தேன். இப்போது கேட்டாலும் பாடமாகச் சொல்லுவேன்.

சாப்பாடு கொடுக்கும் நாள் வந்தது. அதுவும் வெள்ளிக்கிழமைதான். மச்சக் கதையை நான் எடுக்கவில்லை. நான்கு மணிக்கு அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா. நீங்கள் குடுங்கோ. நான் பாக்கிறன்."

அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்கு விளங்கவில்லை. போனேன். இளகின சின்ன எலியைக் கடதாசியில் வைத்து ஒற்றினேன். வயிற்றுப் பக்கம், முதுகுப் பக்கம், காலிடுக்கு. கடதாசி காய்ந்தபடி வருமட்டும் மூன்று முறை மாற்றினேன். சீவலை ஒதுக்கித் தட்டையான கல்லை வைத்தேன். இடுக்கியால் பிடித்துக் கல்லுக்கு மேல் நீட்டினேன். பாம்பு தலையை நீட்டியது, மணந்து பார்த்தது, திரும்பிப் போய்ச் சீவலுக்குள் புகுந்துகொண்டது. கையை எடுக்கப் பார்த்தேன். "நில்லுங்கோ" என்றாள் மகள், மிக மெதுவாக. நின்றேன். கை கடுத்தது. வெளியே இருண்டுகொண்டு வந்தது. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. ஏற்றாவிட்டால் இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன். இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும். சீவல் அசைந்தது. தலை வந்தது. பிறகு ஒரே பாய்ச்சல், பிடித்துவிட்டது!

இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். கல்லின் மேலேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தது. ஒரு சீவல் கூட ஒட்டவில்லை. வால் நுனி மட்டும் வாய்க்கு வெளியே நின்றது, பிறகு அதுவும் போய்விட்டது. பாம்பு பெரிதாகக் கொட்டாவி விட்டு வாயைச் சரிசெய்துகொண்டது. வாய் முழுதாக மூடியது. நான் "அப்பாடா" என்றேன். மகள் என் தோளில் தலையை வைத்தாள். இரண்டு நாள் கழித்தும் கக்கவில்லை. அப்போதுதான் எனக்கு நித்திரை வந்தது.

பாம்பு இப்போது நல்ல கொழுப்போடு இருக்கிறது. மகள் இல்லாத நாட்களில் நான்தான் கொடுக்கிறேன். எலியைக் கழுவுவதில்லை, கோழியை இன்னும் கழுவுகிறேன், அதை யாரும் மாற்ற முடியாது. மகள் என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் வெளியூர் போனால், பாம்பு சாப்பிட்டதா என்று இப்போது கேள்வியாகக் கேட்பதில்லை, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறாள். நானும் அது எலியை மணந்து பார்ப்பதிலிருந்து வால் நுனி உள்ளே போவது வரை எடுத்து அனுப்புகிறேன். பாம்பு இரண்டு கிழமையில் தேறிவிட்டது. என்னுடைய "ஓம்" என்ற ஒரு சொல்லை என் பிள்ளை பழையபடி அப்படியே நம்புவதற்கு இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கை கடுக்க நிற்க வேண்டுமோ, அத்தனைக்கும் நான் நிற்பேன்.